கொன்டேனர் தரைப்பலகை

முதல் மூன்று நாட்களும் அதைக் கற்பூர மணம் என்றே நினைத்திருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. எங்கள் பட்டறையின் புதிய வேலைமேசை மீது தகரத் தட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றியது நான்தான். அதற்கு ஐந்து நிமிடம் முன்னர் என் கூட்டாளி கோயிலில் இருந்து போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தை மேசையின் நான்கு மூலைகளிலும் தெளித்திருந்தாள். அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் வெள்ளவத்தை, எங்கள் வீட்டில் மின்விசிறி வாங்கினாலும் சந்தனப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தட்டமாட்டார்கள். இரண்டு பக்கத்துச் சாமியும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டையும் செய்தோம். புகை வெளியேற அங்கே இருப்பது ஒரேயொரு ஜன்னல். ஆகவே மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியபோது முகத்தில் வந்து மோதிய, இனிப்பும் காரமும் கலந்த அந்த மணத்துக்கு நான் வேறு காரணம் தேடவில்லை.

அது இரண்டு பெண்கள் நடத்தும் தளபாடப் பட்டறை. கொட்டாஞ்சேனையில் லொறி ஒன்று மட்டுமே நுழையக்கூடிய ஓர் ஒழுங்கைக்குள், ஒரு காலத்தில் லொறி டயர்கள் அடுக்கியிருந்த கராஜ். என் கூட்டாளி தச்சுவேலையை முறையாகப் படித்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் கட்டடச் செலவுக் கணக்குப் போடும் கணிய அளவையியல் படித்துவிட்டு, வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் விலைமதிப்பு எழுதிக்கொண்டிருந்தவள். அவளும் அங்கேதான் வேலை செய்தாள். என் வரைபடங்களில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிய ஒரே ஆள் அவள். இங்கே தச்சர்களைப் பாஸ் என்று கூப்பிடுவார்கள். நான் அவளைப் பாஸக்கா என்றேன். அவள் என்னை எஞ்சினியர் என்றாள், நான் எஞ்சினியர் இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

மேசையின் கால்களையும் சட்டத்தையும் அவள் பழைய கூரை மரங்களில் செய்து முடித்துவிட்டாள். மேற்பலகையைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. எனக்கு எதையும் அட்டவணை போட்டுப் பார்க்காவிட்டால் நித்திரை வராது. கணினியில் கோடு கிழித்து, ஒவ்வொரு பொருளுக்கும் பாரம் தாங்குமா, ஸ்க்ரூ பிடிக்குமா, ஈரத்தில் வீங்குமா, விலை கட்டுமா என்று பத்துக்கு இத்தனை எனப் புள்ளி போட்டேன். எம்டிஎஃப் பலகை தட்டையாக இருக்கும், ஆனால் பசை துடைக்கிற ஈரத் துணியே போதும், விளிம்பு தேநீரில் தோய்த்த பாண் மாதிரி ஊதிவிடும். மெலமைன் ஒட்டியது வழுக்கும். துத்தநாகத் தகடு போடலாம் என்றேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் எங்கள் பல்கனிக் கம்பிகள் என்ன ஆகின்றன என்று வீட்டிலேயே பார்த்தபின் அதையும் விட்டேன். பலா, மஹோகனி எல்லாம் ஆசைக்கு நல்லது. அந்த விலைக்கு வாங்கினால் அதில் மேசை செய்து விற்கலாமே தவிர அதன் மேல் வைத்து ஆணி அடிக்க மனம் வராது.

"நீ முடிக்கிறதுக்குள்ள நான் தரையில குந்தியே நாலு அலுமாரி செஞ்சிருவேன்" என்றாள் பாஸக்கா.

அப்போதுதான் கொலன்னாவைப் பக்கம் பழைய கொன்டேனர்களை வெட்டி விற்கும் ஓர் இடத்தில் அந்தப் பலகையைக் கண்டேன். கப்பலில் வரும் கொன்டேனர்களின் தரை இரும்பு என்றே அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, கனத்த ஒட்டுப்பலகை. ஒரு விரல் தடிப்புக்கும் மேல், உள்ளே இருபது அடுக்கு வரை எண்ணலாம். சரக்குத் தூக்கும் வண்டிகள் ஏறி இறங்கியும் வளையாதது. விலை நான் பார்த்து வைத்திருந்த புதுப் பலகையில் மூன்றில் ஒன்று. கடைக்காரர் முஸ்லிம், வெயிலுக்குத் தலையில் துவாய் போட்டிருந்தார். சுத்தியலை எடுத்துப் பலகையின் நடுவில் ஓங்கி ஒரு போடு போட்டார். தழும்புகூட விழவில்லை.

"பாருங்க மகள். தண்ணில போட்டாலும் ஒண்டும் ஆகாது. கறையான் கிட்டயும் வராது."

கறையான் வராது என்பதற்கு என் அட்டவணையில் ஒரு நிரை இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே போனில் அதைத் திறந்து, பத்துக்குப் பத்து போட்டேன். ஏன் வராது என்று நான் கேட்கவில்லை.

பலகை வந்த அன்று முழுவதும் அதன் முகத்தைத் தேய்த்தோம். கறுத்த கிரீசும் டயர் தடங்களும் போக வேண்டுமே. பெல்ட் சாண்டரை நான் பிடித்தேன், அவள் மறுமுனையில் பலகை நகராமல் சாய்ந்து நின்றாள். கொரோனாக் காலத்தில் மிஞ்சிய துணி முகக்கவசங்கள் இரண்டு இருந்தன. சூடு தாங்காமல் பத்து மணிக்கே அவள் தன்னுடையதைக் கழற்றிவிட்டாள். மாலையில் எங்கள் புருவம், கண்ணிமை எல்லாம் செம்மண் நிறம். ஒருவரை ஒருவர் படம் பிடித்துச் சிரித்தோம். கீழே இருந்து வந்த மரம் தேன் நிறத்தில் அத்தனை அழகாக இருந்தது. மறுநாள் தீர்த்தம், கற்பூரம்.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுப் பார்சலை மேசையில் விரித்துவிட்டு அவள் சொன்னாள்: "எஞ்சினியர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி இருந்தால் சிரிப்பன்."

"ரெண்டு மாசம்."

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. அவளுடைய கணவர் கட்டாரில் மின்சார வேலை செய்கிறார், விடுமுறைக்கு வந்து போய் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் இருக்கும்.

"அவருக்கே இன்னும் சொல்லல. போன தடவ எல்லாருக்கும் முந்தியே சொல்லிட்டேன். அப்புறம் தங்கலன்னு ஒவ்வொருத்தருக்கா திரும்ப சொல்ல வேண்டியதாப் போச்சு." சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள். "என்ன சாப்ட்ட, என்ன தூக்கின, எங்க போனன்னு ஆளாளுக்குக் கேட்டாங்கடி. நானே என்னமோ செஞ்ச மாதிரி. இந்த வாட்டி மூணு மாசம் முடியுற வரைக்கும் உனக்கு மட்டுந்தான்."

தேங்காய்ச் சம்பல் கொஞ்சம் பார்சலில் இருந்து மேசையில் சிந்தியது. அவள் அதை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்த விரலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்று பின்னேரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மகிழ்ச்சியில் கால் நிலத்தில் நிற்காமல், சும்மா, கொன்டேனர்ப் பலகைக்கு என்ன எண்ணெய் பூசினால் நிறம் எடுக்கும் என்று போனில் தேடினேன். ஏதோ ஒரு நாட்டில் ஒருவர், இந்தப் பலகையில் பிள்ளைக்குக் கட்டில் செய்யலாமா என்று கேட்டிருந்தார். செய்யாதே என்று வரிசையாகப் பதில்கள். ஒரு நாட்டின் பூச்சி இன்னொரு நாட்டுக்கு மரத்தில் ஏறிப் போகாமல் இருக்க இந்தப் பலகைகளுக்குப் பூச்சிமருந்து ஊட்டுவார்களாம். தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாதாம். என்ன மருந்து என்பது கொன்டேனரின் கதவில் அறைந்த இரும்புத் தகட்டில் எழுதியிருக்குமாம்.

காலிமுகத் திடல் தாண்டியது தெரியாது. பம்பலப்பிட்டி தாண்டியது தெரியாது. கற்பூரம் எரிந்து தீர்ந்து மூன்று நாளாகியும் மணம் ஏன் குறையவில்லை என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. வெள்ளவத்தையில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பாலத்தடியில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

காலி வீதியில் ஒரு பார்மசியில் என் மச்சாள் வேலை செய்கிறாள். யாரோ ஒரு சிநேகிதி என்று தொடங்கி, நானே உளறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்ன மருந்தெண்டு தெரியுமோ?" என்றாள் மச்சாள்.

"தெரியாது."

"பேர் தெரியாமல் நான் என்னத்தைச் சொல்லுறது? எத்தினையோ வகை இருக்கு. சிலது ஒண்டும் செய்யாது. சிலது..." ஒருவர் மருந்துத் துண்டை நீட்ட, அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சிலது?"

"நீ பேரைக் கொண்டு வா. அதுக்கு முதல் அவவிட்டச் சொல்லு."

பெயரைக் கொண்டு வருகிறேன், அதன் பிறகு சொல்கிறேன் என்று நானே வரிசையை மாற்றி வைத்துக்கொண்டேன். பெயர் இல்லாத பயத்தை அவள் கையில் கொடுத்தால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், போன தடவை எல்லோரும் கேட்ட கேள்விகளை இந்தத் தடவை தானே தன்னிடம் கேட்பாளே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, பலகையைத் தெரிவு செய்தது நான், சாண்டரைப் பிடித்தது நான் என்பது.

மறுநாள் அவளுக்கு முன்னமே போய் மேசை முழுவதும் பத்திரிகைத் தாள் விரித்தேன். எண்ணெய் பூசப் போகிறேன், கை படக் கூடாது என்றேன். ஜன்னலுக்கு எதிரே பெரிய விசிறி ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்தேன். அவள் பத்திரிகைத் தாளின் மேலேயே பார்சலை வைத்துச் சாப்பிட்டாள். நான் தாளின் தடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள், வெளியே போய் உட்கார்ந்து சாப்பிடலாம் வாங்கோ, நான் வாங்கித் தாறன் என்றேன். "ஏன், இங்க என்ன?" என்று தாளின் மேலேயே பார்சலை விரித்தாள். அவள் உளிப் பெட்டியைத் தூக்கினால் ஓடிப்போய்ப் பறித்தேன்.

"நான் என்ன கண்ணாடியா?"

"இல்ல, சும்மா."

"சும்மா, சும்மா. இதத்தான் ரெண்டு நாளா சொல்ற."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் என் தலைக்குள் அந்த இரும்புத் தகடு தவிர வேறு எதற்கும் இடம் இருக்கவில்லை. நான்காம் நாள் காலை, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுக்குப் புத்தக அலுமாரி அளவெடுக்க அவளை அனுப்பிவிட்டு, நான் கொலன்னாவைக்குப் பஸ் ஏறினேன்.

"எனத்த மகள், பலகை வெடிச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்லை. அந்தக் கொன்டேனர்ட கதவு எங்க?"

"பலகை வாங்கின ஆளுக்குக் கதவு எனத்துக்கு?"

"அதில ஒரு தகடு இருக்கும். என்ன மருந்து அடிச்சதெண்டு பாக்கோணும்."

"மருந்து அடிச்சீக்கும்தான். இல்லாட்டிக் கறையான் உடுமா? அது நல்லதுதானே." அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே நல்ல விஷயம். நான் போட்ட பத்துப் புள்ளியும் அதற்குத்தானே. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கதவுப் பக்கத்த தரையோட வெட்டி நாலு வருஷத்துக்கு முந்தியே ஒரு பொம்புளைக்குக் குடுத்தாச்சி. எண்ணெத் தாங்கிகளுக்கு அங்கால தேத்தண்ணிக் கட போட்டீக்கிறா. நீல நெறம்."

வெயில் தலைக்கு நேரே நின்றது. மதிலுக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் தாங்கிகள் தெரிய, அந்த வீதியில் இரண்டு தரம் மேலும் கீழும் நடந்தேன். நீல நிறத்தில் மூன்று பெட்டிக்கடைகள் இருந்தன. மூன்றாவதில்தான் பக்கச் சுவராக ஒரு கொன்டேனர்க் கதவு பற்றவைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சிங்களப் பெண் தாச்சியில் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள். கையில் குறிப்புப் புத்தகத்தோடு நான் கதவைக் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. சிங்களத்தில்தான் கதைத்தோம், தங்கச்சி என்ற பொருளில் என்னை நங்கி என்றாள்.

"சுகாதாரப் பரிசோதகர் போன வாரம்தான் வந்துவிட்டுப் போனார் நங்கி. எல்லாக் கடதாசியும் இருக்கிறது."

"நான் பரிசோதகர் இல்லை."

"அப்படியானால் எழுதுகிற புத்தகம் எதற்கு?"

ஒரு பிளேன்டீ கேட்டேன். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்து, ஒன்றும் வராமல், உள்ளதைச் சொன்னேன். இந்தக் கொன்டேனரின் தரைப்பலகை எங்கள் பட்டறையில் இருக்கிறது. அதைத் தேய்த்தோம். என் கூட்டாளி பிள்ளைத்தாய்ச்சி என்று அப்போது தெரியாது. அந்த வார்த்தைகளை முழுதாக, கோர்வையாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் முன்பின் தெரியாத ஒருத்தியிடம், என்னுடையதல்லாத மொழியில்.

அவள் அடுப்பைத் தணித்தாள். காஸ் சிலிண்டரைத் தானே உருட்டி நகர்த்தினாள். அதன் பின்னால், முழங்கால் உயரத்தில், நீலப் பூச்சுக்கு அடியில் ஒரு சதுரம் புடைத்திருந்தது. பட்டர் பூசும் கத்தியைத் தந்தாள். தெருவில் முழங்காலில் நின்று சுரண்டினேன். வரி வரியாக ஆங்கில எழுத்து வந்தது. எடை, தொடர் இலக்கம், ஏதேதோ குறியீடு. கடைசி வரிகளில் மரத்துக்கு இட்ட மருந்தின் பெயரும் ஆண்டும். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்து ஆண்டு அது. பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன், படமும் எடுத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்களும் என்னைப் போலப் போனை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள்.

"அப்படியென்றால் நான் நிற்கிற தரையும் அதுதானா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

நான் அவள் காலடியைப் பார்த்தேன். பூப்போட்ட லினோலியம் விரித்திருந்தது. அதன் ஓரத்தில் அந்தப் பலகைதான்.

"ஓம். ஆனால் நீங்கள் தேய்க்கவில்லையே. மேலே விரிப்பும் இருக்கிறது."

"நாலு வருஷமாக நிற்கிறேன்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "பெயரை எனக்கும் ஒரு துண்டில் எழுதித் தா."

எழுதிக் கொடுத்தேன். மடித்து, சில்லறைத் தகரத்தின் அடியில் வைத்துவிட்டு, அடுப்பைத் திரும்பக் கூட்டினாள். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. கேட்ட உடனே அவளுக்குச் சொன்னதை நான்கு நாளாக நான் யாருக்குச் சொல்லாமல் இருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர மூன்று மணி. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. பாஸக்கா திரும்பி வந்துவிட்டாள். உள்ளே நிலத்தில் உட்கார்ந்து தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை முடியும்போது சுற்றுகிற மாதிரி இல்லை. ஏறக்குறைய எல்லா உளிகளும், இழைப்புளிகூட, பைக்குள் போயிருந்தன.

"என்ன செய்யிறீங்கள்?"

"நானே போறேன்டி. தெனம் ஒரு சாக்குத் தேடி நீ என்ன வெளிய அனுப்ப வேணாம்."

"என்ன சாக்கு?"

"தொடாத, தூக்காத, இங்க சாப்பிடாத, போய் அளவெடு. பழைய எடத்துலயும் போன தடவ இதத்தான் செஞ்சாங்க. மொதல்ல கதிர போட்டு உக்கார வச்சாங்க, அப்புறம் வேலையில்லன்னாங்க. உனக்கு மட்டுந்தான் சொன்னேன். நீயும் அதேதான்."

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அவள் முன் நிலத்தில் வைத்தேன். மேசையில் வைக்கக் கை வரவில்லை. பிறகு சொன்னேன். இந்த முறை தமிழில். கோர்வையாக வரவில்லை. கறையானில் தொடங்கி, பஸ்ஸுக்குப் போய், மச்சாளுக்குத் திரும்பி, நீலக் கதவில் முடித்தேன்.

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எப்ப தெரியும்?"

"நீங்கள் சொன்ன அண்டைக்கே. பின்னேரம்."

"அந்தச் சம்பல் விழுந்துச்சே."

"அப்ப எனக்குத் தெரியாது."

"அதுக்கப்புறம் ரெண்டு நாள் சாப்ட்டேன். தெரிஞ்சுக்கிட்டுப் பேப்பர் விரிச்ச."

"ஓம்."

எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, கழுவி, திரும்பவும் போட்டுக் கழுவினாள். நான்கு நாளாகி விட்டது, இப்போது கழுவி என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். பிறகு ஒழுங்கைக்கு வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"பேர என்னான்னு படி."

படித்தேன். அவள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது அசையிலேயே தடுக்கியது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"வாய்லயே நொழைய மாட்டேங்குது. வயித்துல எங்கடி நொழையப் போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது. வலிக்கவே அடித்தாள்.

"என்னோட வயித்துக்கு நீ தனியா நாலு நாள் பயந்திருக்க. எனக்குச் சொல்லாம. இனிமே அப்படிச் செஞ்சா உளிய எடுத்துட்டு நெசமாவே போயிருவேன். வெளங்குச்சா?"

"விளங்கினது."

"நாளைக்குக் கிளினிக்குக்கு நீயும் வா. டொக்டர் இங்கிலிஷ்ல கேட்டா நீ பதில் சொல்லு. நீ செஞ்சது, நீயே சொல்லு."

சொன்னேன். வரிசையில் இரண்டு மணி நேரம் இருந்து, என்ன சொல்ல வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதி வைத்து, வியர்வையில் அது அழிந்து, கடைசியில் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். டொக்டர் இளம் பெண். தகட்டுப் பெயரைப் பார்த்துவிட்டு, கணினியில் எதையோ வாசித்தார். எத்தனை நாள் தேய்த்தீர்கள், எத்தனை மணி நேரம், வாந்தி, தலைச்சுற்று ஏதும் இருந்ததா என்று பாஸக்காவைக் கேட்டார். இந்த வகை மருந்து, இத்தனை வருடப் பழையது, ஒரு நாள் தூசி. பெரிதாகப் பயப்பட இருக்கிறது என்று தான் நினைக்கவில்லை என்றார். ஆனால் இனி அதன் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றையும் கர்ப்பிணி அட்டையில் எழுதி, ஸ்கேன் திகதியை முன்னுக்கு எடுத்துக் கொடுத்தார். நினைக்கவில்லை என்றாரே, இல்லை என்று சொல்லவில்லையே என்று நான் பஸ்ஸில் கேட்டேன். "வாய மூடிக்கிட்டு வா" என்றாள் பாஸக்கா. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஸ்கேன் வரையான அந்தப் பன்னிரண்டு நாளும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மாறி மாறிக் கேட்ட ஒரே கேள்வி, சாப்பிட்டாயா என்பதுதான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நீல பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். அவள் வெளியே வந்து, கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி தேடி, "துடிப்பு நல்லாருக்காம்" என்றாள். "வேகமா அடிக்குதாம். உன்ன மாதிரி." அன்று சாயந்தரம் கட்டாருக்கு வீடியோவில் எடுத்துச் சொன்னாள். மூன்று மாதம் முடியவில்லைதான்.

கொன்டேனர்ப் பலகையைக் கடைக்காரரே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். ஒரு லொறியின் தளத்துக்குப் போட்டுவிட்டாராம். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். அது எடுக்கப்பட்ட அன்று பாஸக்காவை ஒழுங்கைப் பக்கம் வர விடவில்லை. அதற்கு அவள் சம்மதித்தாள், காரணத்தை முன்கூட்டியே சொன்னபடியால். பட்டறையை இரண்டு தரம் ஈரத் துணியால் துடைத்தேன், சுவரையும் சேர்த்து.

புதிய மேற்பலகையை இரண்டு பேரும் உட்கார்ந்து தெரிவு செய்தோம். என் அட்டவணை திரும்பத் திறந்தது. இந்த முறை முதல் நிரை, இந்தப் பலகை இதற்கு முன்னர் எங்கே கிடந்தது என்பது. கடைசியில் வந்தது மிகச் சாதாரணமான ஒன்று. தெரிந்த கடையில் இருந்து புதிய ஒட்டுப்பலகை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று பசை போட்டு இறுக்கியது. அதற்கு மேல் மெல்லிய ஹார்ட்போர்ட் தாள் ஒன்று, பசை இல்லாமல் ஓரத்தில் எட்டு ஸ்க்ரூ மட்டும். வெட்டுப்பட்டால், பெயின்ட் கொட்டினால், ஸ்க்ரூவைக் கழற்றித் தாளை மட்டும் மாற்றலாம். கொன்டேனர்ப் பலகையைவிட விலை கூட. புதுப் பலா மரத்தின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை. இதைத்தான் முதல் வாரமே அவள் சொன்னாளாம். நான் அட்டவணையில் பார்த்தேன். இருந்தது. பலம் போதாது என்று ஐந்து புள்ளி போட்டிருந்தேன்.

மேசை பூட்டி முடிந்ததும் வழக்கம் போல நான் கற்பூரப் பெட்டியை எடுத்தேன்.

"வேணாம்" என்றாள். "தீர்த்தமும் வேணாம். மூணு நாள் சும்மா இருக்கட்டும்."

அந்த மூன்று நாளும் ஷட்டரை அவள்தான் தூக்கினாள். உள்ளே வந்து, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, மேசையின் நான்கு மூலையிலும் மூக்கை வைத்து மணந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு மணக்கச் சொன்னாள். முதல் நாள் பசை மணம். இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்த பசை மணம். எனக்கு வேறு ஏதோ இருப்பது போலவும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு பேரும் திரும்பக் குனிந்து தேடினோம். என் சட்டையில் இருந்த நெப்தலின் உருண்டை மணம் அது, அலுமாரிக்குள் இருந்து வந்தது.

மூன்றாம் நாள் நான்காவது மூலையில் சற்றுக் கூடுதலாக நின்றாள்.

"மரம்தான்" என்றாள். "கொண்டா உன் கற்பூரத்த. ஜன்னலத் தெற."